பின்னிருக்கைக்குத் தெரியாதது

ஜூலை 3, வியாழன்

இன்று டெல்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். இன்னும் பத்து வருடத்தில் நாட்டுக்கு எத்தனை போர் விமானிகள் தேவைப்படுவார்கள் என்று திரையில் ஒரு கோடு காட்டினார். கோடு மேலே மேலே போனது. எல்லோரும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தோம். அடுத்த படத்தைப் போட்டுவிட்டு, பயிற்சி விமானங்கள் போதவில்லை, ஆகவே இந்த அணியில் பத்துப் பேருக்குத்தான் இரண்டாம் கட்டப் பறப்புப் பயிற்சி என்றார். நாங்கள் பதினாறு பேர். பந்தி பெரிதாம், இலை பத்துதான்.

மீதி ஆறு பேருக்குத் தரைவேலை. சீருடை உண்டு, சம்பளம் உண்டு, சல்யூட் உண்டு, பறப்பது மட்டும் கிடையாது. அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்ற பேச்சே இல்லை. ஒருவருக்கு ஒரு முறைதான்.

"தேவை ஏறுது, இடம் எறங்குது. நல்ல கணக்குதாம் போ" என்று சுகிர்தா என் காதில் சொன்னாள். நான் சிரித்துத் தொலைத்தேன். அதிகாரி என்னைத்தான் முறைத்தார். அவளை யார் முறைப்பார்கள்? எந்த நேரமும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பியவள் மாதிரி ஒரு முகம் வைத்திருக்கிறாள்.

சுகிர்தா என் அறைத்தோழி, நாகர்கோவில்காரி. நான் சங்கரன்கோவில். பதினாறு பேரில் பெண்களும் நாங்கள்தான், தமிழும் நாங்கள்தான். அதனால் எல்லாவற்றிலும் எங்களைச் சேர்த்துக் கட்டிவிட்டார்கள்.

ஜூலை 5, சனி

பறக்கும்போது போடும் ஓவராலைத் துவைத்தேன். காலர் கறை போகவில்லை.

மாலையில் நாற்காலிப் பறப்பு. வீட்டில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அலமாரிக் கதவில் விமானி உட்காரும் கூண்டின் பெரிய படத்தை ஒட்டி, எதிரே ஒரு மர நாற்காலியைப் போட்டு, கண்ணையும் கையையும் அந்தப் படத்தின் மேல் ஓட்டி, தரையில் இருந்தபடியே ஏறி இறங்க வேண்டும். ஜோடி பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தவறு கண்டால் வாயால் சொல்லக்கூடாது, நாற்காலிக் காலை ஓங்கி உதைக்க வேண்டும். இது இங்கே பல வருட வழக்கம். வார்த்தை மறந்து போகும், உதை மறக்காது என்கிறார் எங்கள் பயிற்சியாளர் ஸ்குவாட்ரன் லீடர் நய்யார்.

இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. எங்கள் விமானத்தில் பயிற்சியாளர் பின்னிருக்கையில் உட்காருகிறார். அவருக்குத் தெரிவது எங்கள் ஹெல்மெட்டின் பின்பக்கம் மட்டும். கண் எங்கே போகிறது, எதைத் தொடக் கை கிளம்புகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. ஜோடிக்குத்தான் தெரியும்.

இன்று என் நாற்காலிக்கு மட்டும் பதினோரு உதை.

ஜூலை 9, புதன்

தரையிறங்கும்போது இரண்டு முறை துள்ளினேன். நய்யார் சார் பின்னாலிருந்து, இது விமானமா தவளையா என்று கேட்டார். இறங்கி நடக்கும்போது கால் தடுக்கியது. நல்லவேளை, யாரும் கவனிக்கவில்லை.

சுகிர்தா கவனித்திருக்கிறாள். சாயங்காலம் என்னைச் சாப்பிடக்கூட விடாமல் நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"தர பக்கத்துல வந்த ஒடனே நீ எதுக்குட்டி விமானத்துக்க மூக்கையே பாக்க? ஓடுதளத்துக்க கடைசியப் பாரு மக்கா. தூரத்தப் பாத்தா கை தன்னால சரியாவும், கேட்டியா."

"பாத்துக்கிட்டுத்தாம்ட்டி இருக்கேன்."

"எங்க பாக்க? ஒனக்கக் கண்ணு தாழ எறங்குது, எனக்குத் தெரியில்லா."

உதை. மறுபடி உதை. நாற்காலிக் காலில் வார்னிஷ் உரிந்துவிட்டது. ஒரு கட்டத்தில் அவளைத் திருப்பி உதைக்க வேண்டும் போல வந்தது. அவளுக்குத் தரையிறங்குவது பிறவியிலேயே வந்துவிட்டது. வராதவளின் கஷ்டம் அவளுக்கு எங்கே தெரியப் போகிறது?

ஜூலை 14, திங்கள்

துள்ளவில்லை. ஓடுதளத்தின் கடைசியைப் பார்த்தேன், சக்கரம் எப்போது தரையைத் தொட்டது என்றே தெரியவில்லை. நய்யார் சார் "ம்" என்றார். அவரிடமிருந்து ஒரு "ம்" வாங்குவது லேசு இல்லை.

மாலையில் சுகிர்தா முறை. தரையைத் தொட்டவுடன் நிற்காமல் மறுபடி ஏறும் பயிற்சியை நாற்காலியில் ஓட்டினாள். ஏறும்போது முதலில் ஏற்றம் காட்டும் முள்ளைப் பார்க்க வேண்டும். விமானம் உண்மையிலேயே ஏறுகிறது என்று கண்ணால் உறுதி செய்து, "ஏறுகிறது" என்று வாயால் சொல்லி, அதன் பிறகுதான் சக்கரத்தை மடக்கும் லீவரில் கை வைக்க வேண்டும். சுகிர்தா "ஏறுகிறது" என்றாள். கை லீவருக்குப் போய்விட்டது. கண் முள்ளின் பக்கமே திரும்பவில்லை.

இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறையும்.

விமானம் எப்போதும் ஏறத்தானே செய்கிறது, அதனால் இதுவரை யாருக்கும் தெரியவில்லை. உதைக்கலாம் என்று காலைத் தூக்கினேன். அதற்குள் மெஸ் மணி அடித்துவிட்டது.

ஜூலை 15, செவ்வாய்

ராஜ்மா. மறுபடியும் ராஜ்மா.

ஜூலை 18, வெள்ளி

தல்ஜித் என்று ஒருவன் இருக்கிறான். எல்லா அதிகாரிகளின் முகத்தையும் படித்துவிடுவதாக அவனுக்கு நினைப்பு. யார் எத்தனையாவது இடத்தில் இருக்கிறார்கள் என்று மெஸ்ஸில் உட்கார்ந்து ஜோசியம் சொன்னான். அவன் மூன்றாவதாம். சுகிர்தா ஐந்தாவது. நான் பதினொன்று. "கவலைப்படாதே கோமதி, யாராவது ஒருவர் கழன்றால் போதும்" என்று தோளில் வேறு தட்டினான். அவன் கையில் இருந்த ரொட்டியை வாயில் திணித்து அடைக்கலாம் போல இருந்தது.

பதினொன்று. எவ்வளவு கேவலமான எண். பதினாறு என்றால்கூட மனம் ஆறிவிடும்.

சாயங்காலம் சுகிர்தாவுக்கு அதே கை, அதே கண். நான் உதைக்கவில்லை. நான் பார்த்தது சரிதானா என்று எனக்கே நிச்சயம் இல்லை. பாதி வெளிச்சத்தில் ஒருத்தியின் கண் போகும் இடத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியுமா?

ஜூலை 21, திங்கள்

சுகிர்தாவுக்குக் காய்ச்சல். நோயாளிகள் அறையில் படுத்திருக்கிறாள். கஞ்சி கொண்டு போய்க் கொடுத்தேன். "நீ இல்லன்னா நாந்தாம் என்ன செய்வேன்" என்றாள். காய்ச்சல் வந்தால் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள்.

இன்று பிஷ்டுக்கு விசாரணை. போன வாரம் பறப்பில் எரிபொருள் சுவிட்சை மாற்ற மறந்தவன் அவன். வாசலில் நிற்கும் டியூட்டி எனக்கு விழுந்தது. கதவு சரியாக மூடாது.

பிஷ்டின் ஜோடி கன்னா. நாற்காலிப் பயிற்சியில் இந்தத் தவறை ஒரு தடவையும் கவனிக்கவில்லை, உதைக்கவில்லை என்று கன்னா ஒப்புக்கொண்டான். அதற்குத் தலைமை அதிகாரி சொன்னது தெளிவாகக் கேட்டது. யாரும் சுட்டிக்காட்டாத தவறு என்றால் அது பயிற்சியின் குறை, அவனுக்கு இரண்டு பறப்பு கூடுதலாகக் கொடுத்துப் பார்க்கலாம். பலமுறை உதைத்த பிறகும் கை மாறவில்லை என்றால், அது ஆளின் குறை. அந்த ஆள் விமானத்துக்கு ஆகாது.

பிஷ்ட் தப்பித்தான். கன்னாவுக்கு ஒரு வாரம் முதுகில் மூட்டையோடு ஓட்டம், மதிப்பெண்ணிலும் வெட்டு. உள்ளே கேட்டதை வெளியே பேசக்கூடாது என்பது வாசல் டியூட்டியின் விதி. விதியை நான் மீறுவதில்லை.

ஜூலை 24, வியாழன்

அம்மா போன். "ஏளா, பத்துக்குள்ள வந்துருவேல்லா?" என்று எடுத்தவுடன் கேட்டாள். அப்பா தான் ஓட்டும் மினி பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம், மகள் போர் விமானம் ஓட்டுகிறாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். இப்போது நான் ஓட்டுவது ஒரு மர நாற்காலி என்று அவருக்கு யார் சொல்வது?

"வரலன்னா என்னம்மா?"

"வரலன்னா என்ன, வீட்டுக்கு வா. ஒங்க அத்த மவன் இன்னும் கேட்டுக்கிட்டுத்தாம் இருக்கான். ஒனக்குக் கொறச்சலா?"

அவன் கல்யாண மண்டபத்துக்கு நாற்காலி வாடகைக்கு விடுகிறவன். எனக்கு நாற்காலியை விட்டால் வேறு கதி இல்லை போலிருக்கிறது.

சிரித்துக்கொண்டுதான் எழுத ஆரம்பித்தேன், முடியவில்லை. எனக்கு வேறு எதுவும் வேண்டாம். மேகத்துக்கு மேலே வந்தவுடன் வருகிற அந்த வெளிச்சம் வேண்டும். அதை ஆறு மாதம் காட்டிவிட்டு, போதும் கீழே இரு என்று சொன்னால் நான் செத்துவிடுவேன்.

ஜூலை 30, புதன்

சுகிர்தா குணமாகி வந்துவிட்டாள். அடுத்த புதன் அவளுக்குச் சோதனைப் பறப்பு. எனக்கு அதற்கு அடுத்த வாரம்.

இன்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே என் பக்கம் திரும்பினாள். "நான் ஏதாவது தப்பு செய்யேனாட்டி? ரெண்டு வாரமா நீ உதைக்கவே மாட்டங்க."

"ஒண்ணும் இல்லட்டி. சுத்தமா இருக்கு."

"சத்தியமாட்டு?"

"சத்தியமா."

சோதனைக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒருத்தியின் மனதைக் கலைப்பது சரியில்லை. தைரியம்தான் முக்கியம் என்று நய்யார் சாரே சொல்லியிருக்கிறார்.

அவள் சந்தோஷமாக நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை எனக்குக் கொட்டினாள். உப்பு கொஞ்சம் தூக்கல்.

ஆகஸ்ட் 2, சனி

முடி வெட்டிக்கொண்டோம். பார்பர் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வெட்டிவிட்டார். பின்னாலிருந்து பார்த்தால் எவள் எவள் என்று தெரியாது என்று பிஷ்ட் சொன்னான்.

ஆகஸ்ட் 6, புதன்

காலையில் குறுக்குக் காற்று. கம்பத்தில் காற்றின் திசை காட்டும் காற்றுப்பை ஒரு நேரம் விறைத்து நின்றது, ஒரு நேரம் தொங்கிப்போனது. சோதனையைத் தள்ளிவைப்பார்கள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. பின்னிருக்கையில் நய்யார் சார் ஏறினார்.

சுகிர்தா தரையிறங்கியது பார்க்க அழகாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். தொட்டாள், மறுபடி எழும்பினாள். எழும்பி ஓர் ஆள் உயரம்கூடப் போயிருக்காது, காற்று சட்டென்று விட்டுவிட்டது. விமானம் மேலே போகாமல் கீழே அமுங்கியது. அந்த நேரம் பார்த்துச் சக்கரங்கள் மடங்க ஆரம்பித்தன.

வரிசையில் நின்ற அத்தனை பேரும் மூச்சை நிறுத்தினோம். விமானத்தின் வயிறு தரையில் உரசப்போகிறது என்றுதான் நினைத்தேன். கடைசி நேரத்தில் எஞ்சின் அலறியது, மூக்கு நிமிர்ந்தது. நய்யார் சார் பின்னாலிருந்து கட்டுப்பாட்டைப் பிடுங்கிவிட்டார். ஓர் உள்ளங்கை அகலம்தான் மிச்சம் என்று தீயணைப்பு வண்டிக்காரர் சொன்னார்.

சுகிர்தா இறங்கி வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. நேராக என்னிடம் வந்தாள். "ஏறுதுன்னு சொன்னேனே மக்கா. நான் சொன்னேனே."

நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். ஓர் உள்ளங்கை அகலம். பின்னால் நய்யார் சாரும் இருந்தார், அவருக்கு இரண்டு பிள்ளைகள். இதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்துப் பார்த்திருக்க முடியாது. காற்று இப்படிச் செய்யும் என்று யாருக்குத் தெரியும்?

ஆகஸ்ட் 7, வியாழன்

நாளை அவளுக்கு விசாரணை. என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

துணி மடிக்கும்போது சுகிர்தா வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள். நிறைய யோசித்திருக்கிறாள் என்று தெரிந்தது.

"நீ உதைச்சியான்னு ஒன்கிட்ட கேப்பாவ. இல்லன்னு சொன்னா கன்னாவுக்குச் செஞ்ச மாதிரி ஒன்னையும் மூட்டையத் தூக்க வச்சு, மார்க்கையும் கொறைச்சிருவாவ. ஒனக்கு ஒவ்வொரு மார்க்கும் வேணும். அதனால நீ உதைச்சேன்னு நானே சொல்லிருதேன். நீயும் அப்படியே சொல்லு."

"ஒனக்கு?"

"எனக்கு என்ன? பிஷ்டுக்கு ரெண்டு பறப்பு கூடக் குடுத்தாவல்லா, எனக்கும் குடுப்பாவ. அதுல சரியாச் செஞ்சு காட்டிருவேன். நீ எனக்குக் கஞ்சி கொண்டு வந்தவளாக்கும்."

பிஷ்டுக்கு ஏன் கொடுத்தார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு அவள் காய்ச்சலில் கிடந்தாள். வாசல் டியூட்டியின் விதியை ஏற்கெனவே எழுதியிருக்கிறேன்.

"சரிட்டி" என்றேன்.

நான் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள். இதை இன்றைய தேதியிலேயே எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மூன்று அதிகாரிகள், ஒரு நீள மேஜை. நய்யார் சார் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுகிர்தாதான் முதலில் பேசினாள். என் ஜோடி இந்தத் தவறுக்கு உதைத்தாள், நான்தான் அசட்டையாக இருந்துவிட்டேன் என்றாள். அழகான ஆங்கிலம், ஒரு திக்கல் இல்லை.

தலைமை அதிகாரி என்னைப் பார்த்தார்.

"உதைத்தாயா?"

"ஆமாம், சார்."

"ஒரு முறையா?"

"பல முறை, சார்."

"அதன் பிறகு அவள் கை மாறியதா?"

இந்தக் கேள்வியை நாங்கள் பேசிவைத்துக்கொள்ளவில்லை. சுகிர்தா என்னைப் பார்த்தாள். சும்மா சொல்லு என்பது போலச் சின்னதாகத் தலையசைத்தாள்.

"இல்லை, சார். மாறவில்லை."

அவர் பேனாவை மூடினார். நய்யார் சார் என்னை ஒரு நொடி பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சுகிர்தா அவருக்குப் பிடித்த மாணவி. அந்த வருத்தம் இருக்கும்.

பத்து நிமிடத்தில் முடிவு சொல்லிவிட்டார்கள். பறப்பிலிருந்து நீக்கம், இனி தரைவேலைதான். கூடுதல் பறப்பு இல்லை. சுகிர்தா சல்யூட் அடித்தாள், திரும்பினாள், கதவு எங்கே என்று தெரியாமல் சுவரை நோக்கி நடந்தாள். நான்தான் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன்.

கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 9, சனி

சுகிர்தாவின் அம்மா போனில் என்னைக் கேட்டாராம். வாங்கினேன்.

"மக்களே, நீ எத்தன மட்டம் உதைச்சு உதைச்சுச் சொன்னியாம். இந்தப் பிள்ளைக்குத்தாம் மண்டையில ஏறல. நீ மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாத, என்னா? நல்லாப் படி. நாங்க ஒனக்காவ ஜெபிக்கோம்."

"சரிம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

சுகிர்தா பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவிடமும் அதையே சொல்லியிருக்கிறாள். முட்டாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சுகிர்தா பெட்டி கட்டினாள். விடைபெற பிஷ்ட் வந்தான், கூடவே கன்னாவும். வராந்தாவில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் திரும்பி வந்து கதவருகே நின்றாள். உட்காரவில்லை.

"கன்னா உதைக்கலன்னு சொன்னதுனாலதாம் பிஷ்டுக்கு ரெண்டு பறப்பு கெடச்சிருக்கு."

நான் பாலிஷ் போட்டேன்.

"அன்னைக்கு வாசல்ல டியூட்டி நீதானட்டி?"

"ஆமா."

"ஒனக்குக் கேக்கலியா?"

"கதவு மூடியிருந்துச்சு."

அந்தக் கதவு மூடாது என்று அகாடமியில் எல்லோருக்கும் தெரியும். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மறுபடி கேட்டாள், மெல்லிய குரலில்.

"நாற்காலியில நான் செய்யது ஒனக்குத் தெரிஞ்சிச்சா? அத மட்டும் சொல்லிரு மக்கா. நான் ஒண்ணும் செய்ய மாட்டேன். எனக்குத் தெரியணும்."

"தெரியலட்டி."

அவள் என் கண்ணையே பார்த்தாள். கண் எங்கே போகிறது என்று பார்ப்பதில் அவள் கெட்டிக்காரி. நான் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டி வந்தது. பெட்டியைத் தூக்க நான் எழுந்தபோது, வேண்டாம் என்று கையால் காட்டிவிட்டு அவளே இழுத்துக்கொண்டு போனாள்.

ஆகஸ்ட் 13, புதன்

சோதனைப் பறப்பு முடிந்தது. எல்லாம் நல்லபடி. தரையிறங்கும்போது ஓடுதளத்தின் கடைசியையே பார்த்தேன். நய்யார் சார் "ம்" கூடச் சொல்லவில்லை. இறங்கி நேராகப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அறையில் ஒரு கட்டில் காலி. துணி காயப்போட வசதியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

காலை அணிவகுப்பில் வரிசையாகப் பெயர் படித்தார்கள். முதல் பெயரிலிருந்தே நான் விரல் மடக்க ஆரம்பித்தேன். ஒன்பது வரை காத்திருக்க வேண்டும், பத்தாவதுதான் நமக்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒரு கை முடிந்து, அடுத்த கையில் இரண்டாவது விரலை மடக்கும்போதே என் பெயர் வந்துவிட்டது. எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்றவன் இடித்த பிறகுதான் ஓர் அடி முன்னால் வந்தேன்.

தல்ஜித் பத்தில் இல்லை. அவன் ஜோசியம் அவனுக்கே பலிக்கவில்லை. பிறகு நய்யார் சார் மதிப்பெண்களைப் பலகையில் எழுதினார். சோதனைக்கு முன்னாலிருந்தே நான் ஏழு, எட்டில்தான் இருந்திருக்கிறேன். பதினொன்றாவதாக ஒரு நாளும் இருந்ததில்லை.

அப்பாவுக்குப் போன் செய்தேன். அப்பா வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு அழுதார். பஸ்ஸில் இருந்தவர்கள் கைதட்டும் சத்தம் கேட்டது. பிறகு வீட்டுக்குப் போட்டுச் சொன்னேன். "எத்தனாவதுட்டி?" என்றாள் அம்மா.

"ஏழாவதும்மா."

"ஏழாவதா! பத்துக்குள்ள வந்தாப் போதும்னு கெடந்தோம். கூட இருந்தாளே அந்தப் புள்ள சுகிர்தா, அவளுக்கு?"

"அவ போயிட்டாம்மா."

"அய்யோ பாவம்" என்றாள் அம்மா. உடனே யாருக்கோ இனிப்பு எடுத்துக் கொடுக்கச் சொன்னாள்.

போனை வைத்துவிட்டு வெளியே வந்தேன். பத்துப் பேருக்கும் புது ஓவரால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சுகிர்தா இருந்திருந்தால் நான் எட்டாவதாக வந்திருப்பேன். எட்டாவதாக வந்தவன் பிஷ்ட். அவன் புது ஓவராலை மாட்டிக்கொண்டு, அளவு சரியாக இருக்கிறதா என்று என்னிடம் கேட்டான்.